வீட்டிலிருந்து படிக்கும் மலையகப் பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம்?

மலையகத்தில் பாடசாலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. நீண்டநாள் நோயில் விழுந்த பிள்ளை, மண்சரிவு அபாயத்தால் லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை) விட்டு வெளியேறி ஆண்டின் நடுவில் பாடசாலை கிடைக்காமல் நிற்கும் பிள்ளை, கொழும்பில் கடைவேலைக்குப் போய்த் திரும்பிவந்து மறுபடி படிக்க ஆசைப்படும் பதினேழு வயதுப் பையன், எல்ல நகரப் பக்கம் விடுதி நடத்திக்கொண்டு தம் பிள்ளைகளைத் தாமே படிப்பிக்கும் பெற்றோர் என்று பல வகையினர் இருக்கிறார்கள். ‘வீட்டுக்கல்வி’ என்ற பெயரை இவர்களில் பாதிப்பேர் பாவிப்பதே இல்லை. “பிள்ளை பிரைவேட்டா எக்ஸாம் எழுதப் போகுது” என்பார்கள், அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் கேட்பது ஒன்றையே: எந்தப் புத்தகத்தை வைத்துப் படிப்பிப்பது?

இந்தக் கேள்விக்குப் புத்தகத்திலிருந்து விடை தேடத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் பிள்ளை எந்த வாசலில் போய் நிற்கவேண்டும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். அந்த வாசலில் எந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், அந்தச் சான்றிதழுக்கு எந்தப் பரீட்சை, அந்தப் பரீட்சைக்கு எந்தப் பாடத்திட்டம் என்று பின்னோக்கி வந்தால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும். அப்படிச் சுருக்கிப் பார்க்கும்போது, மலையகத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானோருக்குத் தேசியப் பாடத்திட்டமே பொருந்தும் என்பது என் கருத்து. அது மிகச் சிறந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாசல்கள் அப்படி அமைந்திருக்கின்றன.

அரச பல்கலைக்கழகத்துக்கான வழக்கமான அனுமதி உள்ளூர் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை, அதாவது வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிய புள்ளியை வைத்துத்தான் கிடைக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளைக்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த புள்ளியில் நுவரெலியாப் பிள்ளை மருத்துவ பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ போகக்கூடிய வாய்ப்பை இந்த ஏற்பாடு தருகிறது. பிரிட்டிஷ் நிறுவனங்கள் நடத்தும் ‘லண்டன்’ பரீட்சையையோ இந்தியப் பரீட்சையையோ எழுதும் பிள்ளை அந்த வாய்ப்பைக் கைவிடுகிறது. பத்தனையில் உள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி உட்பட எல்லாக் கல்வியியற் கல்லூரிகளுக்கும் அனுமதி உள்ளூர் உயர்தரப் பெறுபேற்றின்படிதான். ஒரு தலைமுறை மலையகப் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு மேலேறியதே ஆசிரியத் தொழில் வழியாகத்தான் என்பதை நினைத்தால், இந்த வாசலை இலேசாக மூடிவிட மனம் வராது.

6 முதல் 9 வரை: கை அவிழ்ந்த காலம்

இலங்கை முறையில் 6ஆம் தரம் முதல் 9ஆம் தரம் வரை கனிஷ்ட இடைநிலை. 10, 11ஆம் தரங்கள் சாதாரண தரத்துக்கு, 12, 13 உயர்தரத்துக்கு. 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்தபின் சாதாரண தரம் வரை நாடளாவிய பரீட்சை எதுவும் இல்லை. வீட்டில் படிப்பிப்பவர்கள் இந்த நான்கு ஆண்டுகளைத் தவணைப் பரீட்சை வினாத்தாள்களை வாங்கி நிரப்பப் பார்ப்பார்கள். எனக்கு அது வீண் என்றே படுகிறது.

1 முதல் 11 வரையான தரங்களின் பாடநூல்களை அரசாங்கம் 1980 முதல் பாடசாலைகள் வழியாக இலவசமாகக் கொடுத்துவருகிறது. பாடசாலையில் இல்லாத பிள்ளைக்கு அச்சுப்பிரதி எளிதில் கிடைக்காவிட்டாலும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பிரதிகள் மூன்றையும் பதிவிறக்கலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டிகள் பெற்றோருக்கு இன்னும் முக்கியம், ஆனால் அவற்றைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. எந்தப் பாடத்துக்கு எத்தனை பாடவேளை, பிள்ளை எதைச் செய்து காட்டவேண்டும், எதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. பாடநூலை மட்டும் கையில் வைத்திருக்கும் தாய் எல்லாப் பக்கத்தையும் ஒரே கனத்தில் படிப்பிக்கப் போய்க் களைத்துவிடுகிறார். கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தரவாரியாகப் பாடங்கள் இருக்கின்றன.

இந்தக் காலத்தில் இறுக்கிப் பிடிக்கவேண்டியவை கணிதம், தமிழ், ஆங்கிலம், சிங்களம். மற்றவற்றில் கொஞ்சம் தளர்ந்து போகலாம். கணிதத்தில் மட்டும் 7ஆம் தரப் பின்னங்களில் விழுந்த ஓட்டை 10ஆம் தர அட்சரகணிதத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும். தேசியக் கணிதப் பாடநூல் விளக்கத்தில் நல்லது, பயிற்சிகளில் போதாது. கூடுதல் பயிற்சிக்கு, ஆங்கிலம் ஓரளவு வரும் பிள்ளையென்றால் கான் அகாடமி இலவசமாகவே கிடைக்கிறது. சிக்னல் உள்ள இடத்தில் இருக்கவேண்டும், அது வேறு கதை. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் மலையுச்சிக்கும் மரத்துக்கும் ஏறி இணைய வகுப்புக் கேட்ட நிலை எல்லாத் தோட்டத்திலும் மாறிவிடவில்லை. ஆகவே வீடியோவையே முழுக்க நம்பிய எந்தத் திட்டமும் இங்கே அரைத் திட்டம்தான். டவுனுக்குப் போகும் நாளில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடியவையே கைகொடுக்கும்.

சிங்களத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பாடசாலைக்குப் போகும் பிள்ளை இரண்டாம் மொழிப் பாடத்தில் எழுத்தையாவது பார்த்துவிடும். தோட்ட லயத்தில் வீட்டோடு இருக்கும் பிள்ளை சிங்களம் பேசப் பழகலாம், ஆனால் எழுத்துத் தெரியாமல் வளர்ந்துவிடும். பின்னாளில் பிரதேச செயலகத்தில் ஒரு படிவம் நிரப்பும்போது அது தெரியும்.

விஞ்ஞானத்தில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு, குறிப்பாக மலைநாட்டில், ஓர் அனுகூலம் உண்டு. நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று புத்தகம் சொல்லும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அது சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். வளிமண்டல அமுக்கம் என்ற பாடத்தை இதைவிட நன்றாக யாரும் நடத்த முடியாது. பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதும் அங்கேயே விளங்கும். தேயிலைக் கொழுந்து தொழிற்சாலையில் வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, காற்றுப் பட்டுக் கறுப்பாகும்போது நடப்பது நொதியத்தால் நிகழும் ஒட்சியேற்றம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியதை வைத்து மண், நீர், சாய்வு மூன்றையும் ஒரே வாரத்தில் படிப்பிக்கலாம். பாடசாலை மணி அடிக்கும் இடத்தில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.

சாதாரண தரம்: ஒன்பது பாடங்களின் கணக்கு

10ஆம் தரத்திலிருந்து அந்தச் சுதந்திரம் முடிகிறது. சாதாரண தரத்துக்கு வழக்கமாக ஒன்பது பாடங்கள். முதன்மொழி, சமயம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, ஆங்கிலம் ஆகிய ஆறும் கட்டாயம். மீதி மூன்றை ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றாகத் தெரிய வேண்டும். உயர்தரத்துக்குத் தகுதிபெற முதன்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும், அதாவது ‘சி’யோ அதற்கு மேலோ வேண்டும்.

வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு இந்த மூன்று தெரிவுப் பாடங்களை எடுப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் போன்ற அழகியல் பாடங்களுக்குச் செய்முறைப் பரீட்சையும் உண்டு. நல்ல ஆசிரியர் பக்கத்தில் இல்லாவிட்டால் அவற்றை விட்டுவிட்டு, அதே தொகுதியில் உள்ள தமிழ் இலக்கிய நயத்தை எடுப்பது நல்லது. குறித்த செய்யுள்களும் உரைநடைகளும்தான் பாடம், வாசித்து எழுதப் பழகினால் போதும். முதல் தொகுதியில் வணிகக் கல்வியும் கணக்கீடும், புவியியல், குடியியற் கல்வி, இரண்டாம் மொழி சிங்களம் போன்றவை இருக்கின்றன. கணக்கீட்டைத் தானே படிப்பது கடினம், முதல் இரண்டு மாதத்துக்காவது டியூஷன் வேண்டும். புவியியலைத் தானே படிக்கலாம். மூன்றாம் தொகுதியில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைக் கணினி இல்லாமல் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், எழுத்துப் பரீட்சை என்பதால் சித்தியும் பெறுகிறார்கள். அதைவிடச் சுகாதாரமும் உடற்கல்வியுமோ விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமுமோ மலையகப் பிள்ளைக்கு இயல்பாக வரும்.

கட்டாயப் பாடங்களில் வரலாற்றைப் பற்றி வீட்டுப் பெற்றோர் நிறையக் குறைப்படுவார்கள். அநுராதபுரமும் பொலன்னறுவையும் நிறைந்த புத்தகத்தில் தம் முன்னோர் கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்த கதைக்குக் கிடைத்த இடம் சிறிது என்ற ஆதங்கம் நியாயமானதுதான். அதற்காகப் பாடத்தையே ஒதுக்க முடியாது. பரீட்சைக்கு அந்தப் புத்தகம், வீட்டுக்கு நம் கதை என்று இரண்டையும் நடத்துவதுதான் வழி. ‘நூலகம்’ என்ற இணையத் தளத்தில் மலையகம் பற்றிய பழைய சஞ்சிகைகளும் நூல்களும் இலவசமாக வாசிக்கக் கிடக்கின்றன.

கணிதத்தில் முதலாம் வினாத்தாள் இரண்டு மணித்தியாலம், இரண்டாவது மூன்று மணித்தியாலம். வீட்டில் சோபாவில் சாய்ந்து கணக்குச் செய்து பழகிய பிள்ளை மூன்று மணித்தியாலம் தொடர்ந்து எழுதியிருக்காது. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் கடந்தகால வினாத்தாள்களும் புள்ளியிடும் திட்டங்களும் இங்கே புத்தகத்துக்குச் சமமான பாடப்பொருள். எந்தப் படிமுறைக்கு எத்தனை புள்ளி என்று தெரிந்த பிள்ளை, விடை பிழைத்தாலும் பாதிப் புள்ளியைக் காப்பாற்றும்.

பழைய புத்தகங்களை அண்ணன் அக்காவிடமிருந்து வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 1ஆம், 6ஆம் தரங்களிலிருந்து தொடங்குவதாக 2026ஆம் ஆண்டுக்கு ஒரு புதிய கல்விச் சீர்திருத்தம் அறிவிக்கப்பட்டது. உங்கள் பிள்ளை சாதாரண தரம் எழுதும் ஆண்டில் எந்தப் பாடத்திட்டம் நடப்பில் இருக்கும் என்பதைத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உயர்தரம்: புத்தகம் இல்லாத மேடு

உண்மையில் சிக்கலான இடம் இதுதான். மலையகத்தில் தமிழ்மொழி மூலம் கணித, விஞ்ஞானப் பிரிவு நடக்கும் பாடசாலைகள் குறைவு, ஆசிரியர்கள் அதைவிடக் குறைவு. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ‘ஏ’ எடுத்த பிள்ளை, பக்கத்தில் பிரிவு இல்லாததால் கலைப்பிரிவுக்குப் போவது நமக்குப் பழகிப்போன ஒன்று. வீட்டிலிருந்து படிக்கலாமா என்ற யோசனை பல குடும்பங்களில் இந்தப் புள்ளியில்தான் எழுகிறது.

உயர்தரத்துக்குச் சாதாரண தரத்தைப் போல அரசாங்கப் பாடநூல் வரிசை கிடையாது. பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும், சில பாடங்களுக்கு வளநூல்களும் தேசிய கல்வி நிறுவகத்திடமிருந்து வருகின்றன. மற்றதெல்லாம் டியூஷன் ஆசிரியர்களின் குறிப்புகள். அதனால் ‘எந்தப் புத்தகம்’ என்ற கேள்வி இங்கே ‘எந்த ஆசிரியர்’ என்று மாறிவிடுகிறது. 2020க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கும் ஆசிரியர்களின் சூம் வகுப்புகள் தோட்டம் வரை எட்டியிருப்பது உண்மையான மாற்றம்.

எந்தப் பிரிவை வீட்டிலிருந்து படிக்கலாம்? இணைந்த கணிதத்துக்குத் தாளும் பேனாவும் நல்ல ஆசிரியரும் போதும், ஆய்வுகூடம் வேண்டாம். பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் உயிரியலிலும் தனிச் செய்முறைப் பரீட்சை இல்லாவிட்டாலும், அமைப்புக் கட்டுரை வினாக்கள் பரிசோதனைகளை மையமாக வைத்தே வருகின்றன. வேணியர் இடுக்கிமானியைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை அங்கே தடுமாறும். விடுமுறையில் ஒரு வாரமாவது ஏதாவதொரு பாடசாலை ஆய்வுகூடத்தைத் திறந்துதரும்படி அதிபரிடம் கேட்டுப் பார்க்கலாம், சிலர் மறுப்பதில்லை. தொழில்நுட்பப் பிரிவை வீட்டிலிருந்து படிக்க நினைப்பதே வேண்டாம், அது பட்டறையில் கற்கவேண்டியது. வர்த்தகமும் கலையும் வீட்டுக்கு ஒத்துவரும். ஆனால் கலைப்பிரிவை ‘வேறு வழியில்லை’ என்று எடுக்காமல் புவியியல், பொருளியல், அளவையியல் என்று யோசித்துச் சேர்த்தால் பின்னால் கதவுகள் கூடுதலாகத் திறக்கும்.

இங்கே தமிழ்நாட்டு வீடியோக்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யூடியூப்பில் தமிழில் கணிதம், விஞ்ஞானம் என்று தேடினால் முதலில் வருபவை அவைதான். விளக்கம் நன்றாகவே இருக்கும். ஆனால் நம் பாடநூலில் ‘வேகம்’ என்பது திசையும் சேர்ந்த கணியம், திசையில்லாதது ‘கதி’. அங்கே ‘வேகம்’ என்பது திசையில்லாதது, திசையோடு வருவது ‘திசைவேகம்’. நம் ஆர்முடுகல் அங்கே முடுக்கம். பரீட்சையில் இது புள்ளியைக் கொண்டுபோய்விடும். ஆகவே அவற்றைக் கருத்து விளங்கப் பார்க்கலாம், குறிப்பெடுக்க உள்ளூர் வழிகாட்டியையே வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலமொழி மூலம் படிக்கத் துணிந்த பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. தேசியப் பரீட்சையை ஆங்கிலத்திலும் எழுதலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றியும் கவனம் வேண்டும். வெளிமாவட்டப் பிள்ளைகள் கடைசி நேரத்தில் வந்து பதிந்து மலையக இடங்களைக் கொண்டுபோவது இங்கே பழைய புண். அதனாலேயே எந்த மாவட்டம் என்பதற்கான ஆதாரங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கவனமாகப் பார்க்கிறது. பாடசாலைப் பதிவு இல்லாத பிள்ளையின் பெற்றோர் வாக்காளர் இடாப்புப் பிரதி, வதிவிடச் சான்று போன்றவற்றை ஆண்டுதோறும் சேர்த்துவைப்பது நல்லது. ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் இதற்கான பகுதியை வாசித்துவிட்டே 12ஆம் தரத்தைத் தொடங்க வேண்டும்.

லண்டன், அமெரிக்கா, இந்தியா

பிள்ளை வெளிநாட்டிலோ இங்குள்ள தனியார் பட்ட நிறுவனத்திலோ படிக்கப்போகிறது என்பது உறுதியென்றால், பிரிட்டனின் கேம்பிரிஜ் அல்லது எடெக்செல் பாடத்திட்டம் பொருத்தமானது. பாடசாலையில் இல்லாதவர்களும் பிரிட்டிஷ் கவுன்சில் வழியாகப் பதிந்து எழுதலாம். வீட்டிலிருந்து படிப்போருக்கு இரண்டில் எடெக்செல் இலகு. அதன் சர்வதேச உயர்தரத்தை அலகு அலகாகப் பிரித்து எழுதலாம், விஞ்ஞானப் பாடங்களின் செய்முறைத் திறனையும் எழுத்து வினாத்தாளிலேயே சோதிக்கிறார்கள். கேம்பிரிஜ் உயர்தரத்திலோ ஆய்வுகூடத்தில் செய்துகாட்டும் வினாத்தாள் உண்டு.

தடை கட்டணம்தான். அது பவுணில் கணக்கிடப்படுகிறது. 2022இல் ரூபாய் சரிந்தபோது, அதுவரை சமாளித்துவந்த நடுத்தரக் குடும்பங்களே திணறின. இன்றும் ஒரு பாடத்துக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அமெரிக்க வீட்டுக்கல்விப் பொதிகள் சபைகள் வழியாகவும் இணையம் வழியாகவும் இங்கும் வருகின்றன. அழகாக இருக்கும், நாளொன்றுக்கு எத்தனை பக்கம் என்றுகூட வகுத்துத் தந்திருப்பார்கள். ஆனால் அவை அமெரிக்க மாநிலச் சட்டங்களுக்கும் அங்குள்ள கல்லூரி அனுமதிக்கும் ஏற்ப அமைந்தவை. இங்கே அந்தப் பெறுபேற்றுப் பத்திரத்தை எந்த அலுவலகமும் சாதாரண தரத்துக்கு ஈடாக உடனே ஏற்காது. 6, 7ஆம் தரத்தில் ஆங்கில வாசிப்புக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். இந்தியத் திறந்தநிலைப் பாடசாலைப் பாடங்களும் அப்படியே, குடும்பம் இந்தியாவுக்கே போகப்போகிறது என்றால் ஒழிய வேண்டியதில்லை.

பரீட்சை ஒத்துவராத பிள்ளைகளுக்கு வேறு வழியும் உண்டு. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் படிநிலைகளாகப் பெறலாம், செய்துபழகிய தொழிலுக்கு முன்கற்றல் மதிப்பீட்டின் மூலமும் பெறலாம். 18 வயது கடந்தவர்கள் உயர்தரம் இல்லாமலே திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் பாடநெறியில் சேர்ந்து பட்டம்வரை போகும் வழியும் இருக்கிறது.

ஏட்டுக்கு வெளியே உள்ள வேலை

இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 2016இலிருந்து 5 முதல் 16 வரை. வீட்டுக்கல்விக்கென்று தனிச் சட்டமோ பதிவு முறையோ இல்லை. அதனால் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுக்கும் முன் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் காரணத்தை எழுத்தில் கொடுத்து, கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலையில் விடுகைப் பத்திரத்தை வாங்காமல் விலகவேண்டாம். பின்னர் 10ஆம் தரத்தில் திரும்பச் சேர்க்க நினைத்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பாடசாலைப் பிள்ளையின் பரீட்சை விண்ணப்பத்தை அதிபர் பார்த்துக்கொள்வார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதும் பிள்ளைக்கு அதைப் பார்க்க யாருமில்லை. பத்திரிகையிலும் திணைக்களத்தின் இணையதளத்திலும் அறிவித்தல் வரும், இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும், முடிவுத் திகதியும் இருக்கும். மண்டபத்தில் ஆளை அடையாளம் காட்ட வேண்டும். தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதில் விண்ணப்பிக்கலாம். தோட்டத்தில் வசிப்போரின் விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்த வேண்டிவரும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்தில் எத்தனையோ பிள்ளைகளின் சான்றிதழில் அப்பா அம்மாவின் பெயர் ஒருவிதமாகவும் அவர்களுடைய அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருக்கும். அதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்குப் பல தடவை ஏறி இறங்க நேரலாம். விண்ணப்ப அறிவித்தல் வந்தபின் இந்த வேலையைத் தொடங்கினால் அந்த ஆண்டுப் பரீட்சை போய்விடும். 10ஆம் தரப் புத்தகத்தைப் பதிவிறக்கும் அதே வாரத்தில் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.